பீடோங்கில் தேயிலை ருசி பார்க்கிறவள்

1

பதினேழு வருடங்களாக ஒரே படிவத்தை நிரப்பி வருகிறேன். மலேசியக்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்ட என்னைப் போன்ற பெண்கள், தங்கியிருக்கும் அனுமதியைக் காலம் தவறாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கணவரும் கூட வந்து கவுண்டரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். என் கணவர் சிவா சொந்தமாக ஒரு லாரி வைத்து ஓட்டுகிறவர். வருடத்தில் தீபாவளிக்கும் இந்தக் குடிநுழைவு அலுவலகத்துக்கும்தான் அவர் இஸ்திரி போட்ட சட்டை போடுவார்.

படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் வழக்கமாக ‘சூரி ருமா’ என்று எழுதுவேன். மலாயில் இல்லத்தரசி. போன மாதம் புதுப்பிக்கப் போனபோது முதல் தடவையாக அதை எழுதவில்லை. ‘பெஞ்சிசிப் தே’ என்று எழுதினேன். தேநீர் ருசி பார்ப்பவர்.

கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் படித்துவிட்டுச் சிரித்தாள். “மினும் தே பூன் கெர்ஜா கா?” என்றாள். தேத்தண்ணி குடிப்பதெல்லாம் ஒரு வேலையா என்கிறாள்.

நான் மலாயில் பதில் சொல்லப் போய், அவசரத்தில், “சாயா தாக் மினும். சாயா லூடா,” என்றேன். நான் குடிப்பதில்லை, துப்புகிறேன்.

அவள் கண் விரிந்தது. பக்கத்துக் கவுண்டர்க்காரர் எட்டிப் பார்த்தார். சிவா குனிந்து, தேயிலையை வாயில் உருட்டி ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடுவதுதான் முறை என்று நல்ல மலாயில் விளக்கினார். கையால் கிண்ணம் பிடிப்பது போலவும், உறிஞ்சுவது போலவும் செய்துகூடக் காட்டினார். அந்தப் பெண் இன்னும் சிரித்தபடியே முத்திரையைக் குத்தினாள்.

குன்னூரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ருசி பார்ப்பது ஒரு வேலைதான் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் பால் மரம் என்கிற ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த பீடோங்கில், தேயிலைச் செடியைக் கண்ணால் காணாத ஊரில், அந்தக் கட்டத்தில் அதை எழுதும் இடத்துக்கு நான் எப்படி வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்த விளக்கத்தை சிவா சொன்னார் என்பதும் சாதாரண விஷயமல்ல.

2

கல்யாணத்துக்கு முன்பு குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், ருசி பார்க்கும் அறையில் ஆறு வருடம் வேலை செய்தேன். முதல் இரண்டு வருடம் கிண்ணம் கழுவினேன். பிறகு தராசில் இலை நிறுத்துப் போட்டேன். பிறகு ஒரு நாள் ருசி பார்க்கும் பெரியவர்களுக்குச் சளி பிடித்திருந்தபோது, “நீ சொல்லு மேகலா, எது தேறும்?” என்றார்கள். நான் சொன்னது சரியாக இருந்தது. அப்புறம் தினமும் என்னைக் கேட்டார்கள்.

அந்த நாக்கோடுதான் பீடோங்கில் வந்து இறங்கினேன். முதல் வாரமே என் அத்தை, அதாவது மாமியார், “மேகலா, மாமாவுக்குத் தண்ணி கலக்கு,” என்றார். நான் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் நின்று, “எதோட கலக்கணும் அத்தை?” என்று கேட்டேன். இங்கே தண்ணி கலக்குவது என்றால் தேத்தண்ணியோ காப்பியோ போடுவது. வீடே சிரித்தது.

மறுநாள் நான் என் கைவரிசையைக் காட்ட நினைத்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த இலைத் தேயிலையைப் பாத்திரத்தில் மூடி வைத்து, சாறு இறங்கியதும் வடிகட்டி, கொஞ்சம் பசும்பால் ஊற்றி, சர்க்கரை அரைக் கரண்டியோடு நிறுத்திக்கொண்டேன். வெள்ளைக்காரர் வீடுகளில் தினசரி குடிப்பது இப்படித்தான். எங்கள் தொழிற்சாலையில் விருந்தாளிகளுக்குத் தருவதும் இதுதான்.

மாமா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் பார்த்தார். “என்னாம்மா, சூசு போடலியா?”

“பால் ஊத்தியிருக்கேன் மாமா.”

“பாலா?” என்று அவர் திடுக்கிட்டார். ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருடம் பால் வெட்டியவர். அவருக்குப் பால் என்றால் முதலில் மரத்துப் பால்தான். காப்பியில், தேத்தண்ணியில் ஊற்றுவது சூசு. டின்னில் வரும், தேன் மாதிரி வழியும், கெட்டியான இனிப்புப் பால். அத்தை டின்னை எடுத்து என் தேநீரில் இரண்டு கரண்டி விட்டு ஆற்றினார். மாமா குடித்துவிட்டு, “இப்பதான் தண்ணி,” என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் அன்றோடு ருசி பார்ப்பதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டேன். எங்கள் மகள் யாழினி பிறந்தாள், வளர்ந்தாள். என் கடவுச்சீட்டில், இவர் வேலை செய்யக் கூடாது என்று ஒரு முத்திரை இருந்தது. பல மாதம் அலைந்து, கடிதம் மேல் கடிதம் கொடுத்து, செய்யலாம் என்று இன்னொரு முத்திரை வாங்கினேன். இரண்டும் ஒரே பக்கத்தில் இன்றும் அருகருகே இருக்கின்றன.

3

வேலை கிடைத்த இடம் நாசர் பாயின் தேயிலைப் பட்டறை. பீடோங் பாசாருக்குப் பின்னால் இரண்டு கடை அகலம். வெளிநாட்டிலிருந்து மூட்டையாக வரும் தூள் தேயிலையைக் கலந்து, பொட்டலம் போட்டு, சுங்கை பட்டாணி வரை சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பார். நானும் இன்னும் நான்கு பெண்களும் பொட்டலம் கட்டுவோம். இரண்டு வருடம் நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் பாய் மேசையில் மூன்று மாதிரிப் பொட்டலங்களை வைத்துக்கொண்டு குழம்பிக்கொண்டிருந்தார். சுங்கை லாலாங் பக்கம் ஒரு பழைய துரை பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றியிருந்தார் புவான் ரொஹானா என்கிற மலாய் அம்மாள். இங்கிலாந்தில் படித்தவர். சாயங்காலம் பானையில் இலைத் தேநீர், தனியாகக் குளிர்ந்த பால், இதுதான் அவருக்கு வேண்டும். தினமும் சலிக்காமல் குடிக்கிற மாதிரி ஒரு கலவை செய்து கொடுங்கள் என்று கேட்டிருந்தார். பாய் மூன்றையும் சூசு விட்டு ஆற்றிக் குடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. “பாய், சூசு போட்டா மூணும் ஒண்ணாத்தான் இருக்கும்.”

“அப்ப நீ சொல்லு தங்கச்சி, எப்படிப் பாக்கணும்?”

அடுத்த நாள் பாசாரில் ஆறு வெள்ளைக் கிண்ணம் வாங்கினேன். மூடுவதற்குச் சாஸர். நகைத் தராசு ஒன்று பாய் எங்கிருந்தோ கொண்டுவந்தார். குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடித்ததால் அகன்ற சட்டியில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தேன். பிறகு கொதிக்க வைத்தேன். ஒரு தடவைதான் கொதிக்க வேண்டும். மறுபடி மறுபடி கொதித்த தண்ணீரில் தேயிலை மந்தமாகிவிடும். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரே அளவு இலை, ஒரே அளவு தண்ணீர், ஆறு நிமிடம். ருசி பார்க்கும்போது கொஞ்சம் கடுமையாகவே இறக்குவோம், குற்றம் தெரிய வேண்டும் என்பதற்காக. குடிக்க என்றால் நாலரை நிமிடம் போதும்.

பிறகு கரண்டியில் எடுத்து ‘சர்ர்’ரென்று உறிஞ்சினேன். மற்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சத்தம் இல்லாமல் முடியாது. காற்றும் சாறும் சேர்ந்து நாக்கு முழுக்கத் தெறிக்க வேண்டும், வாசனை மூக்கின் பின்பக்கம் ஏற வேண்டும். துப்பினேன். பதினைந்து வருடத்துக்குப் பிறகும் நாக்கு எதையும் மறக்கவில்லை.

“இது பழைய சரக்கு பாய், டப்பாவுல ரொம்ப நாள் இருந்திருக்கு. இது மழைக்காலத்து இலை, நிறம் இருக்கு, வாசனை இல்ல. இது அஸ்ஸாம். தனியாக் குடிச்சா முரடு. ஆனா பாலைத் தாங்கும்.”

பாய் உள்ளே போய்ச் சரக்குச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றும் நான் சொன்னபடியே இருந்தன. “ரெண்டு வருஷமா ஏன்மா பொட்டலம் கட்டுன?” என்றார்.

அஸ்ஸாம் பாதி, நிறத்துக்குக் கென்யா கால், வாசனைக்கு எங்கள் நீலகிரி கால். பதினோரு தடவை மாற்றிக் கலந்த பிறகு அங்கே வந்து நின்றது.

4

புவான் ரொஹானா ருசி பார்க்க வந்தார். குடித்துவிட்டு முகம் மலர்ந்தார். நான் என் கலவையைப் பெருமையாக விளக்கும் ஆசையில், “செடிக்கிட் பாஹிட், பாகுஸ்,” என்றேன். நாக்கைப் பிடிக்கிற அந்தக் குணம் கொஞ்சம் இருக்கிறது, அது நல்லது என்று சொன்னதாக எனக்கு நினைப்பு.

அவர் முகம் மாறிவிட்டது. பாஹிட் என்றால் கசப்பு. விருந்தினருக்குக் கசக்கிற தேநீரையா கொடுப்பது என்று யோசனையோடு கிளம்பிப் போனார்.

வீட்டுக்கு வந்து யாழினியிடம் கேட்டேன். அவளுக்குப் பதினைந்து வயது. மலாய்ப் பள்ளியில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் மலாயில் பதில் வரும், சிநேகிதிகளிடம் ஆங்கிலம். என் தமிழ் அவளுக்கு வேடிக்கை. “நீ பேசுறது நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்குலா மா,” என்பாள்.

“துவர்ப்புக்கு மலாயில என்ன யாழினி?”

“துவர்ப்புன்னா என்னா?”

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்குச் சொல் தெரியவில்லை. ருசியுமா தெரியாது? “கசப்பு இல்ல, புளிப்பு இல்ல. வாயை உள்ள இழுக்கும்ல, அது.”

“புரியலலா.”

கொல்லையில் வாழை நின்றது. போய் ஒரு பிஞ்சுக் காயைப் பறித்து, நறுக்கி, ஒரு துண்டை அவள் வாயில் வைத்தேன். மென்றாள். கன்னம் இரண்டும் உள்ளே போனது, கண்ணை இறுக்கி மூடினாள்.

“ஐயோ மா! இது கெலாட்!”

“கெலாட்டா?”

“கெலாட்லா! பாஹிட் இல்ல!” துப்பிவிட்டு, “துவர்ப்பு,” என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் அவளே என் கைப்பேசியை எடுத்து, புவான் ரொஹானாவுக்கு அழகான மலாயில் பேசினாள். அம்மா சொல்ல வந்தது கெலாட், தேநீரில் அது இல்லாவிட்டால் வெறும் சுடுதண்ணீர் மாதிரி இருக்கும் என்றாள். அந்தக் கடைசி வரியை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

பங்களாவிலிருந்து ஆர்டர் உறுதியானது. மாதா மாதம்.

5

பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து இலைத் தேயிலையை எடுத்துவர லாரி வேண்டும் என்று பாய் சொன்னபோது, சிவாவைச் சொன்னவள் நான்தான்.

முதல் பெரிய சரக்கு இருபது மூட்டை. இறக்கி வைத்துவிட்டு சிவா போய்விட்டார். நான் மேல் மூட்டையில் ஒரு மாதிரி, கீழ் மூட்டையில் ஒரு மாதிரி எடுத்து, கிண்ணங்களில் சாறு இறக்கினேன். முதலாவது சுத்தம். இரண்டாவதை உறிஞ்சியபோது ஒன்றுமில்லை. துப்பிவிட்டு மூச்சை விட்டேன். அப்போது வந்தது அந்த வாடை.

எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பால் மரத்துக் கோப்பையிலேயே உறைந்து கட்டியாகிப்போன ரப்பரை இங்கே கட்டிப்பால் என்பார்கள். அழுகிய மாதிரி நாறும். லாரி லாரியாகத் தொழிற்சாலைக்குப் போகும். தேயிலையைப் போல் வாடையை இழுத்துக்கொள்ளும் பொருள் வேறு இல்லை. அந்த நாற்றத்தை நான் வாரம் இரண்டு தடவை சிவாவின் சட்டைகளில் துவைத்து வந்தேன்.

வீட்டில் கேட்டேன்.

“முந்துன நாளு சுங்கை லாலாங்குல கட்டிப்பால் ஏத்துனேன்,” என்றார். “அதான் பைப் வச்சு அடிச்சுக் கழுவுனேனே.”

“போகலங்க. கீழ இருந்த மூட்டையெல்லாம் கெட்டுப்போச்சு.”

“பாய் கண்டுபிடிச்சாரா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப விடு. சூசு ஊத்துனா யாருக்குத் தெரியப்போவுது?”

“இதுக்குச் சூசு ஊத்தமாட்டாங்க.”

அவர் லாரிச் சாவியை மேசைமேல் வைத்தார். பிறகு, “இங்க பாரு மேகலா, ஒரு தடவை லோரி சரியில்லன்னு பேரு வந்துச்சுன்னா ஒருத்தனும் கூப்பிடமாட்டான். உன் நாக்குக்காக என் பொழப்பைக் கெடுக்காத,” என்றார். நான் முடியாது என்று தலையசைத்ததும் குரல் உயர்ந்தது. “நீ இந்த ஊர்ல நிக்கிறதே என் கையெழுத்துலதான். ஞாபகம் வச்சுக்க.”

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சொன்னதேயில்லை. சொன்ன மறுகணமே அவர் முகம் வெளுத்தது. அவருக்கே உறைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். அடுப்பங்கரைக்குப் போய் வெறுமனே குழாயடியில் நின்றேன். பயமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்றும் இருந்தது. அந்தக் கிண்ணத்தை நல்லதென்று சொல்லிவிட்டால், நாளைக்கு எந்தக் கிண்ணத்தைப் பற்றியும் நான் சொல்வதற்கு அர்த்தம் இருக்காது.

காலையில் பாய்க்கு முன்னால் இரண்டு கிண்ணங்களை வைத்தேன். அவருக்கு முதலில் பிடிபடவில்லை. “மூச்சை மூக்கால விடுங்க பாய்,” என்றேன். மூன்றாவது தடவை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“என்ன வாடைம்மா இது?”

“கட்டிப்பால். என் வீட்டுக்காரர் லாரியில ஏறினது.”

பாய் என்னையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது,” என்றார்.

“அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

இருபதில் பதினான்கு மூட்டைகளை ஒதுக்கினேன். அவை செமிலிங்கில் ஒரு பூந்தோட்டத்துக்கு உரமாகப் போயின. பாய் புவான் ரொஹானாவைக் கூப்பிட்டு, தேயிலை இரண்டு வாரம் தாமதம், காரணம் சரக்கில் குறை என்று உள்ளதைச் சொன்னார். அடுத்த சரக்கை வேறு லாரி கொண்டுவந்தது.

சிவா ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. “அம்மாகிட்ட சோறு போடச் சொல்லு,” என்று யாழினியிடம் சொல்வார். பக்கத்திலேயே தட்டோடு நான் நிற்பேன். நான்காவது நாள் அவள், “நான் என்னா போஸ்மேனா?” என்று எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு இருவரும் சைகையில் சமாளித்தோம்.

பத்தாவது நாள் அவர் பட்டறைக்கு வந்தார். மற்ற பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வாசலில் நின்றபடியே, “அந்தக் கெட்டுப்போனது கொஞ்சம் வச்சிருக்கியா? எனக்கும் காட்டு,” என்றார்.

ஒதுக்கியதில் ஒரு பிடியை டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். இரண்டு கிண்ணம் இறக்கினேன். எப்படி உறிஞ்ச வேண்டும் என்று காட்டினேன். முதல் தடவை புரையேறியது. இரண்டாவது தடவை சட்டையில் வழிந்தது. “ரெண்டும் ஒண்ணுதான்,” என்றார். மறுபடி எடுத்தார். மூச்சை விட்டார். சட்டைக் காலரை இழுத்து முகர்ந்தார்.

“என் சட்டை வாடை அடிக்குது,” என்றார்.

“ஆமா.”

“இத்தனை வருஷமாவா?”

“துவைக்கிறவளுக்குத்தான் தெரியும்.”

அவர் கிண்ணத்தை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல், “அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கையெழுத்து அது இதுன்னு,” என்றார். அவருக்குக் குடிப்பதற்கென்று ஒரு கிண்ணம் இறக்கி, அவருக்குப் பிடித்த மாதிரி சூசு விட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

6

கட்டிப்பால் ஏற்றுவதை சிவா விட்டுவிட்டார். லாரித் தளத்தின் பலகைகளைக் கழற்றி, தேய்த்து, வெயிலில் காயப்போட்டு, மறுபடி அடித்தார். நான்கு மாதம் கழித்து பாய் அவரை மீண்டும் கூப்பிட்டார். ஒரே நிபந்தனை, லாரி கிளம்புமுன் தங்கச்சி ஏறிப் பார்க்க வேண்டும். சிவா எதிர்ப்புச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். நான் ஏறி மூலை மூலையாக முகர்ந்துவிட்டு இறங்குவேன். பல மாதம் ஒரு குறையும் இல்லை.

போன வாரம் மழை. பாய்க்கு அவசரம். பங்களாவில் கல்யாண விருந்து, துறைமுகத்தில் சரக்கு இறங்கிக் காத்திருந்தது. நான் லாரியில் ஏறினேன். ஈரத்தில் பலகைகள் ஊறியிருந்தன. இடது பின்மூலையில் குனிந்தபோது, மிக மெல்லியதாக, பழைய வாடை மேலே வந்திருந்தது. மறுபடி குனிந்தேன். ஆமாம்.

“என்ன தங்கச்சி, போலேயா?” என்று கீழேயிருந்து பாய் கேட்டார். ‘போலே’ என்றால் மலாயில் முடியும்; சரிப்படுமா என்கிறார்.

“இன்னைக்கு வேண்டாம் பாய்.”

பாய் கடிகாரத்தைப் பார்த்தார். சிவா தாமே ஏறி வந்து அந்த மூலையில் மண்டியிட்டு முகர்ந்தார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எழுந்து, கைப்பேசியை எடுத்துத் துறைமுகத்துக்குக் கூப்பிட்டார்.

“அண்ணே, இன்னைக்கு வரல. நாளைக்கு வெள்ளன எடுத்துக்கிறேன். இல்லண்ணே, இஞ்சினெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க டேஸ்டர் வேணாம்னுட்டாங்க.”

போனை வைத்துவிட்டுக் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டார். நான் கீழே இறங்கிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.